குடியிருப்பு நடுவே நாட்டுச் செடித் தோட்டம்: சருகைக் கூட்டிக் கொளுத்துகிறவர்களிடம் என்ன சொல்வது?

மகிழம்_நிழல் | ஞாயிறு, பிற்பகல் 2:10

எல்லோருக்கும் வணக்கம். சென்னைக்குத் தெற்கே, ஏரியை ஒட்டிய ஒரு மனைப்பிரிவில் இருக்கிறோம். எங்கள் தெருக்கோடியில் ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளிக்காக ஒதுக்கிய பொது இடம், நாற்பது சென்ட் அளவுக்கு இருக்கிறது. ரொம்ப காலமாகக் கட்டட இடிபாடும் சீமைக்கருவேலமும்தான் அங்கே. போன வருடம் நாங்கள் சிலர் சேர்ந்து இடிபாட்டை அள்ளி, ஐப்பசி மழைக்குக் கன்றுகள் வைத்தோம். புங்கம், பூவரசு, நாவல், மகிழம், சரக்கொன்றை, மாவிலங்கம். ஓரத்தில் நொச்சி, ஆடாதோடை, ஆவாரை. தானாக முளைத்த எருக்கையும் ஆடுதின்னாப்பாளையையும் அப்படியே விட்டுவைத்தோம். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வேலை, பிறகு ஒருவர் வீட்டிலிருந்து டீ. பிள்ளைகள் பூதக்கண்ணாடியோடு வந்துவிடுவார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நாங்கள் இல்லாத ஒரு வேலைநாளில், குடியிருப்போர் சங்கம் ஆள் அனுப்பி "சுத்தம்" செய்திருக்கிறது. சருகு முழுவதையும் கூட்டி மூலையில் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். எருக்கு, பாளைக்கொடி எல்லாம் களை என்று பிடுங்கப்பட்டுவிட்டன. எருக்கில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இருந்தன. பிள்ளைகள் தினமும் பள்ளி விட்டு வந்து அவற்றைப் பார்ப்பார்கள். அன்று சாயங்காலம் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது சங்கத்தில் புதுத் திட்டம் ஒன்று பேசுகிறார்கள். நடுவில் கொரியன் புல், சுற்றுச்சுவர் ஓரமாகக் கோனோகார்பஸ் என்ற அயல் மரம், ஒட்டு இட்லிப்பூ வரிசை. அடுத்த மாதம் கூட்டம். அங்கே பேச எனக்கு நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சருகு இருந்தால் குப்பை, இலையில் ஓட்டை இருந்தால் நோய் என்றுதான் நம்மில் பலருக்கும் பழக்கம். இந்தப் பழக்கத்தை மாற்ற எதைச் சொன்னால் எடுபடும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அடையாற்றங்கரை | ஞாயிறு, மாலை 6:45

அம்மா, முதலில் காகிதத்தைப் பாருங்கள். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் அதில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். அதுதான் ஓ.எஸ்.ஆர். ஆக, அந்த நிலம் சங்கத்துடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. சங்கத் தீர்மானத்தை மட்டும் நம்பி வேலை செய்தால், அடுத்த நிர்வாகம் வந்ததும் எல்லாம் மாறிவிடும். உள்ளாட்சி ஆணையரிடம் "நாட்டுத் தாவரத் தோட்டமாகப் பராமரிக்கிறோம்" என்று எழுத்தில் அனுமதி கேளுங்கள். என்னென்ன செடி, எங்கே பாதை, எங்கே உட்காரும் இடம், யார் பொறுப்பு என்று ஒரு பக்க வரைபடமும் சேர்த்துக் கொடுங்கள். சங்கத்தையும் கூட்டுப் பொறுப்பாளராகப் போடுங்கள். அவர்களுடைய பெயர் பலகையில் இருந்தால் அவர்களே காவலாகிவிடுவார்கள்.

இரண்டாவது, கொளுத்திய விஷயம். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி பொது இடத்தில் கழிவை எரிக்கக் கூடாது. இதைச் சண்டைக்காகச் சொல்ல வேண்டாம், ஒரு வரியாகச் சொல்லிவையுங்கள்.

நான் கோட்டூர்புரம் மரப்பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருகிறவன். அடையாற்றின் கரையில் பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான சுமார் ஐந்து ஏக்கர். குப்பை கொட்டுகிற இடமாகத்தான் இருந்தது. 2006 முதல் 'நிழல்' அமைப்பும் தன்னார்வலர்களும் சேர்ந்து அதை நாட்டு மரங்களின் இடமாக ஆக்கினார்கள். 2015 வெள்ளம், அடுத்த வருடமே வர்தா புயல், இரண்டையும் தாண்டியிருக்கிறது. அங்கே எனக்குப் பெரிதாகப் பட்டது நட்ட கணக்கு அல்ல. யாராவது ஒருவர் ஒவ்வொரு வாரமும் வந்துகொண்டே இருப்பதுதான். நடுவதற்கு முப்பது பேர் வருவார்கள், படம் எடுப்பார்கள். சித்திரை வெயிலில் குடம் தூக்க நாலு பேர் வருவார்கள். தோட்டம் அந்த நாலு பேருடையது.

கொங்கு_வரியன் | ஞாயிறு, இரவு 9:20

அக்கா, அந்தப் புழு விஷயத்தைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் எருக்கு திரும்பத் துளிர்க்கும். வேர் ஆழமாகப் போயிருக்கும். மண்ணைக் கிளறாமல் விடுங்கள்.

கூட்டத்தில் பேச நான் ஒரு வழி சொல்கிறேன். எடுத்த எடுப்பில் "பல்லுயிர்", "சூழல்" என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். ஒரு கறிவேப்பிலைக் கன்றைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய் மேசைமேல் வையுங்கள். எல்லா வீட்டுக்கும் தெரிந்த செடி. அதில் பறவை எச்சம் மாதிரி ஒரு சின்னப் புழு இருக்கும். அதுவே வளர்ந்து பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியாக வெளியே வரும். ஆண் கருப்பு, பின் இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணில் மூன்று வடிவம் உண்டு. ஒன்று ஆணைப் போலவே. இன்னொன்று அச்சு அசலாக ரோஜா அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியைப் போல. மூன்றாவது சிவப்புடல் அழகி என்ற வகையைப் போல.

ஏன் அந்த வேஷம் என்று அவர்களே கேட்பார்கள். ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் புழுவாக இருக்கும்போது தின்பது ஆடுதின்னாப்பாளையும் பெருமருந்துக்கொடியும். அந்த இலையின் நஞ்சு புழுவின் உடம்பில் தங்கி, சிறகு வந்த பிறகும் இருக்கும். ஒருதரம் கொத்திய பறவை மறுதரம் தொடாது. கறிவேப்பிலை அழகிக்கு அந்த நஞ்சு கிடையாது, அதனால் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. பறவைக்கு நிஜமான ரோஜா அழகியின் கசப்பு தெரிந்திருந்தால்தான் இந்த வேஷம் பலிக்கும். ஆக, "களை" என்று பிடுங்கிய அந்தப் பாளைக்கொடிக்கும், அவர்கள் வீட்டு மாடியில் இருக்கும் கறிவேப்பிலையில் பிறக்கும் பூச்சிக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. இதைச் சொன்னால் யாரும் மறக்க மாட்டார்கள். நான் பள்ளிகளில் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் உங்கள் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் மரம். புழுவுக்கு உணவாகிற செடி கொடியையும் சேருங்கள். ஆதண்டை வைத்தால் வெள்ளை, மஞ்சள் வகைகள் முட்டையிட வரும். சரக்கொன்றை ஏற்கெனவே இருக்கிறது, எலுமிச்சை மஞ்சளில் கூட்டமாகப் பறப்பவை அதற்குத்தான் வருகின்றன. ஆமணக்கு ஒன்றிரண்டு. கிலுகிலுப்பை கட்டாயம் வையுங்கள். நீல வரியன்கள் இடம்பெயரும் பருவத்தில் ஆண் பூச்சிகள் அந்தக் காய்ந்த செடியில் கொத்துக்கொத்தாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும், இணை சேர்வதற்கு அந்தச் சத்து அவற்றுக்குத் தேவை. இங்கே கோவையில் வெள்ளலூர் குளக்கரையில் தன்னார்வலர்கள் வேலை செய்த இடத்தில் நூறுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி வகைகள் பதிவாகியிருக்கின்றன. அதுவும் ஒரு காலத்தில் முள்மரமும் குப்பையுமாகக் கிடந்த கரைதான்.

ஒரு சின்ன வேண்டுகோள்: பலகையில் தமிழ் மறவன் படம் போடாதீர்கள். 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது சரி, ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நீரடிமுத்து வகை மரங்களை நம்பி வாழ்வது. உங்கள் தோட்டத்துக்கு வராது. வராததைக் காட்டினால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். வருவதையே போடுங்கள்.

குடியிருப்பு_செயலாளர் | திங்கள், காலை 7:30

நான் வேறொரு குடியிருப்பில் செயலாளராக இருக்கிறேன். எதிர்த்தரப்பு என்ன நினைக்கும் என்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களுக்கு வரும் போன் அழைப்புகள் மூன்று வகை. ஒன்று பாம்பு. சருகும் புதருமாக இருந்தால் நடைப்பயிற்சிக்கு வருகிற பெரியவர்கள் பயப்படுகிறார்கள். இரண்டு கொசு. டெங்கு வந்த வீட்டில் போய் "வண்ணத்துப்பூச்சி வருகிறது" என்று சொல்ல முடியுமா? மூன்று, மரம் விழுவது. வர்தா அன்று எங்கள் தெருவில் நான்கு கார்மேல் மரம் விழுந்தது. கார் சொந்தக்காரர்கள் சங்கத்தைத்தான் கேட்டார்கள். இதற்கெல்லாம் பொறுப்பேற்கிறவர் யார்? தன்னார்வலர்கள் ஒரு வருடம் வருவார்கள், பிறகு வேலை மாறிப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது நாங்கள்.

புல்தரை என்றால் எந்தத் தோட்டக்காரருக்கும் பராமரிக்கத் தெரியும். நாட்டுச் செடித் தோட்டத்தில் எதைப் பிடுங்கலாம், எதை விடலாம் என்று கூலிக்கு வருகிறவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? உங்கள் எருக்கைப் பிடுங்கிய ஆளைக் கோபித்துக்கொண்டு பயனில்லை. அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடையாற்றங்கரை | திங்கள், காலை 10:05

செயலாளர் சார் கேட்டது அத்தனையும் நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதில் இல்லாமல் கூட்டத்துக்குப் போகவே கூடாது.

பாம்பு: அது சருகைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. எலி வருவது சாப்பாட்டுக் குப்பைக்கும் இடிபாட்டுக் குவியலுக்கும். அதனால் தோட்டத்தில் உணவுக் கழிவு துளியும் கூடாது. செங்கல் குவியலை விட்டுவைக்கக் கூடாது. நடைபாதை ஆறடி அகலம், இரண்டு பக்கமும் மூன்றடி தூரத்துக்குச் சருகு இல்லாமல் பெருக்கிய மண். சருகு எல்லாம் அதற்கு அப்பால், மரத்தடியில். இருட்டிய பிறகு உள்ளே போக வேண்டாம், போனால் டார்ச். நகரத்துத் தோட்டங்களில் கண்ணில் படுவது பெரும்பாலும் சாரை, அதற்கு விஷம் கிடையாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் படத்தையும் வாசலில் ஒட்டுங்கள். கடிபட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது, அசையாமல் 108இல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதையும் அதன் கீழே எழுதுங்கள். பயத்தை மறைத்து வைத்தால் வளரும். எழுதி ஒட்டினால் குறையும்.

கொசு: டெங்குக் கொசு முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணீரில். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், பிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, மாடியில் மூடாத தொட்டி. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். பறவைக்கு வைக்கும் தண்ணீர்த் தட்டை இரண்டு நாளுக்கு ஒருதரம் கவிழ்த்துத் தேய்த்தால் அதில் கொசு வராது. சருகுக்குள் தண்ணீர் தேங்காது, ஆனால் சருகோடு கிடக்கும் பிளாஸ்டிக் கப்பில் தேங்கும். பொறுக்க வேண்டியது அந்தக் கப்பை.

மரம் விழுவதைப் பற்றி காசான்காடு வந்து எழுதினால் நல்லது. அவருக்கு அந்த விஷயம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

காசான்காடு | திங்கள், இரவு 8:50

கூப்பிட்டதற்கு நன்றி. விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறேன். இந்தப் பக்கத்துக் கோயில்காடுகளையே பார்த்து வளர்ந்தவன்.

2016 டிசம்பர் 12 வர்தாவில் சென்னை இழந்த மரங்களில் நிறைய, வேகமாக வளரும் அயல் மரங்கள். குல்மொகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி. சீக்கிரம் நிழல் வேண்டும் என்று வைத்தவை. நாட்டு மரமே விழாது என்று நான் சொல்லமாட்டேன். சிமென்ட் போட்டு மூடிய குழியில், வேரை ஒரு பக்கம் கால்வாய்க்காக வெட்டிய எந்த மரமும் விழும். ஆனால் இந்தக் கரையோரத்துக்கு என்றே வந்த மரங்கள் இருக்கின்றன. காசான், வீரை, உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை, இரும்புலி. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று இதற்குப் பெயர். உயரம் குறைவு, இலை தடிப்பு, வருடம் முழுவதும் பச்சை, கோடைக்கும் புயலுக்கும் பழகிய கட்டை. சென்னை தொடங்கித் தெற்கே கடற்கரையை ஒட்டி இருந்த காடு இதுதான். இன்று பெரும்பாலும் கோயில் எல்லைக்குள் துண்டுதுண்டாக மிஞ்சியிருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் காட்டைப் போய்ப் பாருங்கள். உங்கள் நாற்பது சென்ட்டில் என்ன வளர வேண்டும் என்று அந்த இடம் சொல்லிக்கொடுக்கும். அடையாறு தொல்காப்பியப் பூங்காவை மீட்டபோதும் இந்தக் காட்டின் தாவரங்களைக் கொண்டுவந்துதான் நட்டார்கள்.

மகிழம்_நிழல், உங்கள் பட்டியல் நல்லதுதான், ஆனால் எல்லா இடத்திலும் எல்லோரும் வைக்கிற பட்டியல். மரத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. காட்டில் மேலே மரம், நடுவில் சூரையும் காரையும் சங்கஞ்செடியும், கீழே புல் பூண்டு, இவற்றையெல்லாம் பின்னிக்கொண்டு கொடி. தேன்சிட்டும் தையல்சிட்டும் கூடு கட்டுவது அந்த நடுப்பகுதியில். முள் என்று ஒதுக்காதீர்கள், பூனையிடமிருந்து கூட்டைக் காப்பது முள்தான். பாதையிலிருந்து தள்ளி உள்ளே வையுங்கள்.

இப்போது சருகு. இந்த இழையில் இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். விவசாயத்தில் மூடாக்கு போடச் சொல்லி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், நகரத்தில் தானாக விழுகிற மூடாக்கைக் கூட்டிக் கொளுத்துகிறோம். சருகு இருக்கும் மண்ணில் ஈரம் நிற்கும், சித்திரையில் உங்கள் குடத்தின் எண்ணிக்கை குறையும். அதற்குள் மரவட்டை, மண்புழு, சிலந்தி, கரையான். பல பருந்து அந்துப்பூச்சிகள் கூட்டுப்புழுவாகக் கிடப்பதும் சருகுக்கும் மேல்மண்ணுக்கும் நடுவில். கொளுத்தினால் அடுத்த தலைமுறை முழுவதும் அதிலேயே போய்விடும். தவிட்டுக்குருவிக் கூட்டம் காலையில் வந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சருகுதான் சோறு.

ஆறுமணிக்குருவியைச் சொல்லாமல் இருக்க முடியாது. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி ஐப்பசியில் தெற்கே வருகிறது. இரவில் பறந்து களைத்து, சென்னையில் மாடியிலும் வராந்தாவிலும் விழுந்து கிடப்பதாக ஒவ்வொரு வருடமும் கேள்விப்படுகிறோம். அது கிளையில் இரை தேடும் பறவை இல்லை, தரையில் சருகைக் கிளறித் தின்னும் பறவை. அத்தனை தூரம் வந்து இறங்குகிற இடத்தில் பெருக்கித் துடைத்த தரையும் கொரியன் புல்லும் இருந்தால் அது எதைத் தின்னும்? கூட்டத்தில் இதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். குஜராத் 2023இலேயே தடை செய்துவிட்டது. நம் பறவைக்கும் புழுவுக்கும் அதில் உணவே கிடையாது என்று சொல்லிவிடலாம்.

கொங்கு_வரியன் | செவ்வாய், காலை 6:55

காசான்காடு அண்ணா, எல்லாம் சரி. ஒரு கேள்வி. எங்கள் குழுவில் சிலர் "நாட்டுச் செடி தவிர ஒன்றும் கூடாது" என்று வெட்டுக்காயப்பூண்டைக்கூடப் பிடுங்கச் சொல்கிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். ஆனால் கோடையில் வேறு பூவே இல்லாதபோது சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகளும் குட்டித் தேனீக்களும் அதில்தான் இருக்கின்றன. நான் பிடுங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் கருத்து?

இன்னொன்று, மியாவாக்கி, அதாவது கன்றுகளை நெருக்கமாக நட்டுக் குறுங்காடு வளர்க்கும் முறை. இந்த மாதிரி சின்ன இடத்துக்கு அதுதான் வழி என்று பலரும் சொல்கிறார்கள். 2020இல் சென்னை மாநகராட்சியும் கோட்டூர்புரத்தில் அப்படித்தான் நட்டது.

காசான்காடு | செவ்வாய், இரவு 9:15

வெட்டுக்காயப்பூண்டை விட்டுவிடுங்கள். பூவில் தேன் குடிக்கப் பல செடி இருக்கும், புழு தின்ன ஒன்றிரண்டு செடிதான் இருக்கும். நாம் காப்பாற்ற வேண்டியது முதலில் அந்த ஒன்றிரண்டை. பாதையோரத்து அயல் பூண்டு யாரையும் விரட்டவில்லை. உண்ணிச்செடி வேறு கதை. அதிலும் பூச்சி மொய்க்கும், பறவை பழம் தின்னும், அதனாலேயே விதை பரவி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். அதை எடுக்கத்தான் வேண்டும். அயல் செடி எல்லாவற்றையும் ஒரே தராசில் போடக் கூடாது என்பது என் கருத்து.

மியாவாக்கியில் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று வைக்கிறார்கள். சீக்கிரம் பச்சை கட்டும், குப்பை கொட்டுகிறவர்களைத் தடுக்கும், அதெல்லாம் உண்மை. அகிரா மியாவாக்கி சொன்னதில் முக்கியமானது அந்த மண்ணின் இயற்கையான காடு எது என்று முதலில் ஆராய்வது. இங்கே பல இடங்களில் அந்தப் பாதியை விட்டுவிட்டு நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றே வருடத்தில் தரையில் வெயில் விழாது. ஆவாரை, கிலுகிலுப்பை, ஆடுதின்னாப்பாளை எல்லாம் வெயில் கேட்பவை. நாற்பது சென்ட்டில் கால்பங்கு நெருக்கமாக வையுங்கள், மீதியில் வெயில் திட்டு இருக்கட்டும். புற்கள் பூத்துக் காய்க்கட்டும், சில்லைக் குருவிகள் விதைக்கு வரும்.

பட்ட கிளை பாதைக்கு மேலே இல்லையென்றால் வெட்ட வேண்டாம் என்பதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். செம்மார்புக் குக்குறுவான் பொந்து குடைவது பட்ட கிளையில்தான். பெரிய கருப்புத் தச்சுத் தேனீயும் காய்ந்த கட்டையைத்தான் துளைக்கும்.

பிரிஸ்பேன்_தமிழ் | புதன், காலை 5:30

ஆஸ்திரேலியாவில் இருந்து எழுதுகிறேன். இந்தப் பாளைக்கொடிப் பேச்சைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பகுதியில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்று பச்சையும் கருப்புமாக ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி. அதன் புழுவும் அதே குடும்பத்துக் கொடி ஒன்றைத் தின்னும். மழைக்காடு அழிந்து கொடி குறைந்தது. அதற்கு மேல், அழகுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டச்சுமேன்ஸ் பைப் என்ற உறவுக்கொடி தோட்டங்களிலிருந்து தப்பிப் பரவியது. பெண் பூச்சி அதைத் தன் கொடி என்று நம்பி முட்டையிடும். பொரித்த புழு அந்த இலையைத் தின்று செத்துவிடும். அதனால் இங்கே தன்னார்வலர்களும் பள்ளிகளும் சேர்ந்து அயல் கொடியை எடுத்துவிட்டு நாட்டுக் கொடியை வீடு வீடாக நட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாற்றுப்பண்ணையில் பாளைக்கொடி கேட்கும்போது, அழகுக்கு விற்கும் அயல் வகையைக் கொடுத்துவிடப் போகிறார்கள், பார்த்து வாங்குங்கள்.

செயலாளர் ஐயா கேட்டதற்கு இங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஹாபிடாட் பிரிஸ்பேன் என்று நகராட்சியின் திட்டம். தன்னார்வக் குழுவுக்குக் கன்று, கருவி, பயிற்சி எல்லாம் தருவார்கள், ஒரு அலுவலர் வந்து வழிகாட்டுவார். குழுவில் ஆள் மாறினாலும் வேலை தொடர்வதற்கு இந்த மாதிரி ஒரு தொடர்பு வேண்டும்.

வேலை செய்யும் முறையிலும் ஒன்று சொல்கிறேன். சிட்னியில் பிராட்லி சகோதரிகள் 1960களில் தொடங்கிப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. நல்ல நிலையில் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி, மோசமான இடத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் களையெடு. மண்ணைப் புரட்டாதே. நாட்டுச் செடி திரும்பி வரும் வேகத்துக்கு மேல் அகற்றாதே. ஒரே நாளில் முழுவதையும் சுரண்டினால் வெறும் மண்ணில் முதலில் முளைப்பது களைதான். சீமைக்கருவேலம் இருந்த இடத்தில் இதைச் செய்து பாருங்கள்.

நாற்றங்கால் | புதன், இரவு 7:40

செங்கல்பட்டு பக்கம் சிறிய நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். விதை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாவல் விதையைக் காயவைத்துச் சேமிக்காதீர்கள், உயிர் போய்விடும். பழம் தின்ற கையோடு ஊன்ற வேண்டும். சரக்கொன்றை நேர்மாறு. தோல் கல் மாதிரி கெட்டி. உப்புத்தாளில் ஒரு ஓரம் தேய்த்து, இரவு தண்ணீரில் போட்டு ஊன்றினால் முளைக்கும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். பனங்கொட்டையை நட வேண்டிய இடத்திலேயே புதையுங்கள், பிடுங்கி மாற்ற முடியாது. காசானும் வீரையும் மெதுவாகத்தான் வரும், பொறுமை வேண்டும், அதனாலேயே பலரும் வளர்ப்பதில்லை. கேட்கிறவர்கள் இருந்தால் நாங்கள் வளர்ப்போம். இப்போதே சொல்லிவைத்தால் அடுத்த ஐப்பசிக்குக் கொடுக்க முடியும்.

முதல் இரண்டு கோடைதான் கண்டம். கன்றுக்குப் பக்கத்தில் அடியில் சின்னத் துளை போட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, வாரம் இரண்டுதரம் நிரப்புங்கள். சுற்றிலும் சருகு. குடியிருப்பில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அந்த நீரையே கேளுங்கள். எருக்கு நடும்போது பிள்ளைகள் கை படாத இடமாகப் பாருங்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

குடியிருப்பு_செயலாளர் | வியாழன், காலை 8:00

எல்லாவற்றையும் படித்தேன். பாதையோரம் மூன்றடி பெருக்கிய மண், அதற்கு அப்பால் சருகு என்பது எங்கள் இடத்திலும் ஏற்றுக்கொள்ளக்கூடிய எல்லை. தோட்டக்காரருக்கு அது ஒரு கோடு போட்ட மாதிரி தெரியும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. கொசுப்புகை. வாரா வாரம் அடிக்கச் சொல்லி எங்களுக்கு அழுத்தம் வரும். அது வண்ணத்துப்பூச்சியையும் கொல்லுமா?

அடையாற்றங்கரை | வியாழன், காலை 9:10

கொல்லும் சார். அந்த மருந்துக்குக் கொசு வேறு, தேனீ வேறு என்று தெரியாது. புகை பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் பிடிக்கும், தண்ணீரில் இருக்கும் புழுவைத் தொடாது. வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதுதான் டெங்குவைக் குறைக்கும். தோட்டக் குழுவே மாதம் ஒருதரம் தெருவில் அந்த வேலையைச் செய்யட்டுமே. தோட்டத்துக்குள் சின்னக் குட்டை வைத்தால் நெற்றியில் வெள்ளிப்பொட்டு மின்னும் நம் ஏரிக் குஞ்சுமீனை விடுங்கள், கொசுப்புழுவைத் தின்றுவிடும். வெளிநாட்டு கம்பூசியா மீன் வேண்டாம். தட்டான்பூச்சி வந்துவிட்டால் அதன் புழுவும் தண்ணீருக்குள் இதே வேலையைப் பார்க்கும்.

மகிழம்_நிழல் | ஞாயிறு, மாலை 5:25

போன மாதம் சொல்லியிருந்த கூட்டம் முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கறிவேப்பிலைத் தொட்டியோடு போனேன். புழுவைப் பார்க்க எல்லோரும் எழுந்து வந்தார்கள். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தன் கிராமத்து ஐயனார் கோயில் காட்டில் சருகை யாரும் தொடமாட்டார்கள், விறகுக்குக்கூட எடுக்கமாட்டார்கள் என்று சொன்னார். ஆறுமணிக்குருவியை நான் ஆரம்பித்ததும், போன வருடம் தன் வீட்டு மாடிப்படியில் விழுந்து கிடந்த "பச்சை, நீலம், வயிற்றில் சிவப்பு" குருவி அதுதானா என்று ஒரு அம்மா கேட்டார். அதேதான். அதற்கு மேல் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

கோனோகார்பஸ் கைவிடப்பட்டது. கொரியன் புல் முழுவதும் போகவில்லை. வாசல் பக்கம் மூன்று சென்ட், பிள்ளைகள் உட்கார்ந்து விளையாட. அதில் எனக்கு வருத்தமில்லை. மீதி எங்களிடம். பாதையோரம் மூன்றடி பெருக்கலாம், அதைத் தாண்டித் துடைப்பம் போகாது, எரிப்பது கிடையாது. தீர்மானத்தில் எழுதிவிட்டார்கள். சங்கத் தலைவரும் நானும் சேர்ந்து உள்ளாட்சிக்கு மனு கொடுக்கிறோம். தோட்டக்காரர் அண்ணனை இன்று காலை வேலைக்கு அழைத்தோம். எருக்கையும் பாளையையும் சின்ன வயதில் மருந்துக்குப் பறித்தவராம், எங்களைவிட அதிகச் செடிகளுக்குப் பெயர் தெரிகிறது. மாதம் இரண்டு ஞாயிறு அவருக்குக் கூலி கொடுத்து எங்களோடு வைத்துக்கொள்வதாக முடிவு.

எருக்கு துளிர்த்துவிட்டது. ஆடுதின்னாப்பாளை மட்டும் எங்கும் காணோம். விதை யாரிடமாவது இருக்கிறதா? நாற்றங்கால் ஐயா, காசான் இருபது, வீரை பத்து எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்றங்கால் | ஞாயிறு, இரவு 8:15

எழுதிக்கொண்டேன். உலக்கைப்பாலை ஐந்தும் சேர்த்துத் தருகிறேன், விலை வேண்டாம்.

கொங்கு_வரியன் | ஞாயிறு, இரவு 9:40

அக்கா, பாளை விதை என்னிடம் இருக்கிறது. ஆனால் கோவையிலிருந்து அனுப்புவதைவிட உங்கள் ஏரிக்கரையிலேயே தேடிப் பாருங்கள், தரிசில் தரையோடு படர்ந்திருக்கும். அந்த மண்ணுக்குப் பழகிய விதைதான் நல்லது. காய் காய்ந்து வெடித்துத் தொங்கும்போது எடுங்கள், ஒரு கொடியில் பாதிக்கு மேல் பறிக்காதீர்கள். கிடைக்கவில்லை என்றால் இந்த இழையிலேயே சொல்லுங்கள், தபாலில் அனுப்புகிறேன்.